தகரத்துக்கு அந்தப் பக்கம்

நான் இப்போது இருக்கிற டெய்ரி ஃபார்ம் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போடுகிறார்கள். வெயிலில் காய்ந்த தகரத்தில் தூறல் விழுந்து எழுந்த வாசனை, சுனாமிக்குப் பிறகு நானும் அப்பாவும் மட்டுமாகக் குடியிருந்த, இப்போது புல் மண்டிக் கிடக்கிற அந்தத் தகர ஷெல்டர் வரிசைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த செல்லையா மாமாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைத் தகரம்தான். ஆளுக்கொரு பக்கம் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முகம் பார்க்காமலே, உலகத்தைப் படைத்தது யார் என்று சாயங்காலம்தோறும் அவரும் அப்பாவும் சண்டை போடுவார்கள், கூரையில் மழை அடித்து இரண்டு குரலையும் விழுங்கும் வரை.

"அரே தம்பி, செய்ய ஆளில்லாம இந்தத் தகரங்கூட வராது. இம்புட்டு உலகம் தானா வந்திருச்சா?" என்பார் மாமா.

"அப்ப அவனைச் செஞ்சது யாருண்ணே?" என்பார் அப்பா. "யாரும் செய்யல. அலையையும் யாரும் அனுப்பல."

அம்மாவைக் கொண்டுபோன அலையைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

மகனோடு இருக்க மாமா மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய மறுநாளும் அப்பா அதே இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "அவனைச் செஞ்சது யாருண்ணே?" என்று மெல்லக் கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. சுற்றிக்கொண்டு போய், காலி வீட்டுக்குள் நுழைந்து, மாமா சாயும் இடத்தில் சாய்ந்தேன். அப்பாவின் முதுகுச் சூடு தகரத்தில் தெரிந்தது.

"யாரு, அந்தப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?" என்றார் அப்பா.

இருக்கிறேன் என்று சொல்லாமல், முதுகைத் தகரத்தில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.