வெந்நீருக்குள் இன்னொரு கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். போன ஐப்பசியில், ராஜபாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், எனக்கே நடந்தது இது. இன்றுவரை இடது கையால் நான் என் முகத்தைத் தொடுவதில்லை.

தம்பி ஜோயலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் கல்யாணம் வைத்திருந்தோம். அங்கே இருக்கும் பியானோவை நான்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். எனக்கோ கை சின்னது. பெருவிரலை ஒரு கட்டையில் வைத்தால், சுண்டுவிரல் எட்டாவது கட்டைக்குப் போகாது. இடது கை இன்னும் மோசம். அதனால் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, விரல்களை மெல்ல மெல்ல விரித்துப் பழகினேன். வலித்தால் நிறுத்திவிடுவேன்.

அன்று நல்ல மழை. மாலை ஆறே முக்கால். என் கணவர் எட்வின் மில்லிலிருந்து இன்னும் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் பேசினை வைத்து, வெந்நீர் ஊற்றி, இடது கையை விட்டேன். கரண்ட் போனது.

தண்ணீர் வழவழத்தது. சோப்பு ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு வாடை வந்தது... பல நாள் கழித்துக் கட்டுப் பிரித்த புண்ணின் வாடை.

விரலிடுக்கில் ஏதோ நுழைந்தது. மெத்தென்று இருந்தது. ஒன்று... அடுத்து இன்னொன்று...

விரல்கள்.

ஈரச் சதையாக ஓர் உள்ளங்கை என் உள்ளங்கையோடு ஒட்டியது.

அது என் விரல்களை விரித்தது.

மெதுவாக... பொறுமையாக...

வலிக்கவே இல்லை. அதுதான் குமட்டியது.

சளக்.

கையை உருவினேன்.

செல்போன் டார்ச்சை அடித்தேன். என் விரல்களில் வெள்ளையாக, ஊறி உரிந்த தோல் தொங்கியது. அது என் தோல் இல்லை. உதறினேன். தண்ணீரிலேயே விழுந்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எட்வின் வந்தார்.

“என்னட்டி வாடை இது? எலி செத்துக் கெடக்கா?”

“அந்தப் பேசின்ல பாருங்க.”

டார்ச் அடித்துப் பார்த்தார். “வெறுந் தண்ணிதான கெடக்கு.”

அதன்பிறகு நான் கையை ஊறவைக்கவே இல்லை. ஆனால் கல்யாணத்தன்று, இடது கை பத்துக் கட்டைகளைத் தாண்டி தானாக விரிந்தது. வாசித்து முடிக்கும்வரை விரலிடுக்கில் அந்த மெத்தென்ற ஈரம். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு ஒரு வாய் பிரியாணி இறங்கவில்லை.

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்தோம். சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்கார அக்கா பரிபூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“எங்க மாமியா இந்த வீட்லதான் பக்கவாதத்துல கெடந்தாவ. எடது கை மூடுனபடியே போச்சு. மோதிரத்தக் கழத்தணும்னு வெந்நில ஊறப்போட்டு விரிச்சோம். நாத்தனாதான் இழுத்தா... தோலும் கூடவே வந்துட்டு.”

“அவிய செத்த பொறவாக்கா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“இல்ல. உசுரு மறுநா காலைலதான் போச்சு.”