காற்றுக்குக் கட்டிய பந்தயம்

எண்பதுகளின் கடைசியில் ஆக்லாந்து நகரின் நடுவில், பதினோராம் மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காப்புறுதி நிறுவனங்களுக்கே காப்புறுதி கொடுக்கிற இடம் அது. உலகத்தின் எந்த மூலையில் கட்டடம் இடிந்தாலும் அந்த நட்டத்தில் ஒரு துண்டு சுற்றிச் சுற்றி எங்கள் மேசைக்கு வந்து சேரும். லண்டனிலிருந்து வரும் டெலெக்ஸ் தாள்களைக் கிழித்து, வாசித்து, கோப்பில் போடுவது என் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். அது முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று மனேஜர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தான் மட்டக்களப்பில் இருந்த மனைவிக்கும் மகளுக்கும் விசாவுக்கு எழுதலாம். மகள் பிறந்து நாற்பது நாள்தான் நான் அவளைப் பார்த்திருந்தேன்.

மனேஜரின் அறைச் சுவரை ஒரு பெரிய வரைபடம் அடைத்திருந்தது. அத்திலாந்திக் கடல், அதன் மேற்கே அமெரிக்கக் கரை, நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகள். எங்கள் பணம் மாட்டியிருக்கிற ஹோட்டல், துறைமுகம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் சிவப்புக் குண்டூசி. அங்கே புயல் காலம் தொடங்கினால் மனுஷன் காலையில் வந்ததும் கையில் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பணியாரத்தோடு அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுவார். பணியாரத் துகள் டையில் விழும். அதைத் தட்டிவிடவும் தெரியாது. ஆனால் எந்தப் புயல் பெரியது, எது சின்னது என்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். பெரிய வீடுகளில் அடித்தால் பெரிய புயல், அவ்வளவுதான்.

ஒரு முறை மலைச்சரிவில் இருந்த ஒரு கிராமம் முழுவதும் சேற்றுக்குள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அவர் படத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் குண்டூசி இல்லை. “நல்லது, நமக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு மிச்சப் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த கிழமை ஒரு கடற்கரை ஹோட்டலின் கூரை பறந்து, நீச்சல் குளத்தில் மணல் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அலுவலகம் செத்த வீடுபோல இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய படித்த மனிதர்கள் ஒரு நீச்சல் குளத்துக்காகக் குரலைத் தாழ்த்திக் கதைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குப் புயல் டெலெக்ஸில் வந்த சாமான் இல்லை. எழுபத்தெட்டில் மட்டக்களப்பில் சூறாவளி அடித்தபோது நான் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் பிள்ளைகள் உட்காரும் வாங்குக்குக் கீழே படுத்திருந்தேன். விடிந்து வெளியே வந்தால் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. என் மனைவியின் தகப்பன் மாட்டை அவிழ்த்துவிடப் படலையைத் திறந்தவர், பறந்து வந்த கூரைத் தகரம் வெட்டிச் செத்துப்போனார். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. எங்களுக்குக் கலியாணம் பேசியது அதற்குப் பிறகு. அவர்களுடைய அந்த வீட்டுக்கு உலகத்தின் எந்த வரைபடத்திலும் யாரும் குண்டூசி குத்தவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் அத்திலாந்திக் கடலின் கிழக்குப் பக்கம் ஒரு புயல் உருவாகி, நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு வந்தது. காலைத் தேநீர் நேரத்தில் டைப்பிஸ்ட் பெண் ஒரு பிஸ்கட் டின்னோடு மேசை மேசையாக வந்தாள். எல்லோரும் இரண்டு டொலர் போட்டார்கள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இவர்களைத் தப்பாக நினைத்துவிட்டேனே, நிவாரணத்துக்குச் சேர்க்கிறார்களே என்று நினைத்தேன். எங்கள் ஊரில் புயலுக்குப் பிறகு டின் கொண்டு வந்தால் அதற்குத்தான். சட்டைப் பையில் இருந்த ஐந்து டொலர் தாளைப் போட்டேன்.

அவள் சிரித்தாள். “ஆளுக்கு இரண்டுதான். உங்கள் சீட்டை எடுங்கள்” என்று ஒரு தொப்பியை நீட்டினாள். உள்ளே மடித்த காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தீவின் பெயர் அல்லது கரையோர நகரத்தின் பெயர். புயல் முதலில் எங்கே கரையேறுகிறதோ, அந்தச் சீட்டு வைத்திருப்பவருக்கு டின். குதிரைப் பந்தயத்துக்கு வருஷா வருஷம் செய்வதைத்தான் புயலுக்கும் செய்கிறார்கள். மனேஜர் தன் அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கடிதம் டைப் அடித்து, கையெழுத்து இல்லாமல், அவர் மேசையில் கிடந்தது. நான் சீட்டை எடுத்தேன்.

ஓர் ஈ உட்கார்ந்தால் படத்தில் மறைந்துவிடுகிற தீவு எனக்கு வந்தது. மனேஜர் அதைப் பார்த்துவிட்டு, “வாழைத் தோட்டமும் தகரக் கூரையும். அங்கே அடித்தால் நமக்கு ஒரு சதமும் போகாது. நல்ல சீட்டு” என்று என் முதுகில் தட்டினார்.

அவர்களைத் திட்டுவது சுலபம். பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் அந்தச் சீட்டைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டாம் நாள் புயல் கொஞ்சம் தெற்கே திரும்பியதாக டெலெக்ஸ் வந்தது. என் தீவு தெற்கேதான் இருந்தது. மூன்றாம் நாள் வழக்கமாகப் போகிற பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்து, எல்லோருக்கும் முன்பு போய் டெலெக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். தாள் வெளியே வரவர, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று என் மனம் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாங்குக்குக் கீழே கிடந்து, போ போ என்று அழுதவன் நான். சீ என்று இருந்தது. ஆனாலும் தாளை விட்டுக் கண் நகரவில்லை.

அன்று மத்தியானம் அது என் தீவில் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். மனேஜர் டின்னை என் கையில் தந்தார். “இதை அந்தத் தீவுக்கு அனுப்பலாமா?” என்ற ஒரேயொரு வசனத்தை நான் வாய்க்குள் சரிபண்ணி வைத்திருந்தேன். அவர் மறு கையில் என் கடிதம் இருந்தது. வசனத்தை விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன். “அதிர்ஷ்டக்காரன்” என்று சொல்லிக்கொண்டே அவர் கையெழுத்து வைத்தார்.

எங்கள் கோப்பில் அந்தத் தீவின் நட்டம் ஒன்றுமில்லை என்று பதிந்ததும் நான்தான்.

மனைவியும் மகளும் அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில் வந்தார்கள். நகருக்கு வெளியே ஏவன்டேலில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். சுவர் முழுக்க ஈரம். அதுவரை தொடாமல் அலுமாரியில் வைத்திருந்த டின்னை அப்போதுதான் திறந்து, ஒரு ஹீட்டர் வாங்கினேன். மகள் அதன் முன்னாலேயே விளையாடுவாள், அங்கேயே தூங்கிப்போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழை பெய்துகொண்டிருந்தது. மனைவி ஹீட்டருக்கு நேரே கையை விரித்துக்கொண்டு, “நல்ல சாமான். எங்கால வந்த காசு?” என்று கேட்டாள்.

நான் அதைப் பகிடியாகவே சொன்னேன். பிஸ்கட் டின், தொப்பி, மனேஜரின் டையில் ஒட்டிய பணியாரத் துகள், எல்லாம் நடித்துக் காட்டினேன். வெள்ளைக்காரனின் கேவலத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அந்தத் தீவுல வீடுகள் ஓலையா, தகரமா?” என்று கேட்டாள்.

“தகரம்” என்றேன்.

“ஓம்” என்றாள். எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். அலுமாரியில் இருந்த கம்பளிகள் இரண்டையும் எடுத்து மகளைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஹீட்டரின் கம்பி சிவப்பிலிருந்து மங்கிக் கறுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த அலுவலகத்தை நான் எப்படிப் பார்த்தேனோ, அதே பார்வை.