வாசிக்காமல் சுரண்டிய ரவை

முதுநகர் ரயில்வே கேட்டில் நின்றிருந்தபோது போன் வந்தது. "மச்சான், உங்க அக்கா போய்ட்டாங்க." பேசியது அக்காவின் கணவர். மாமா அழவில்லை. கேட் திறந்த பிறகும் நான்தான் வண்டியை எடுக்காமல் நின்றேன்.

நான் அக்கா என்றழைத்த மிருதங்கக் கலைஞர் கலைச்செல்வி எனக்கு ரத்த உறவில்லை. பல மேடைகளில் அவருடன் வயலின் வாசித்தவன் நான். கடைசி ஐந்து வருடம் அவருடன் பேசாமல் இருந்தவனும் நான்.

சபாக்காரர்களே, இரங்கல் கூட்டத்தில் அவரை லயத்தின் அரசி என்றீர்கள். அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் அவரைக் கச்சேரிக்கு அழைத்தீர்கள்? இருபது வருடம் நாட்டிய அரங்கேற்றங்களுக்கே வாசித்தார். பாட்டுக் கச்சேரி என்றால் பெண்கள் கையில் கனம் இருக்காது என்று ஒதுக்கினீர்கள். "தெருக்குழாய்ல தெனம் பத்து கொடம் தூக்குறேன். இந்தக் கைக்கு வெயிட் பத்தாதாம் தம்பி" என்று அக்கா சிரிப்பார்.

2006 ஆனி மாதம் சிதம்பரத்து சபா ஒன்று அவரை அழைத்தது. முதல் பாட்டுக் கச்சேரி. அழைப்பிதழில் பெயர் அச்சாகியிருந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் அடிநாதம் கிடைக்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டிவிடுவார்கள். அக்கா அப்பி முடித்துக் கை கழுவும்போது செயலாளர் வந்தார்.

"லேடீஸ் வாசிச்சா தனக்குப் பாட வராதுன்னு பாடகர் சொல்றாரும்மா. வேற ஆளைச் சொல்லிட்டோம்."

"அவ்ளோ வீக்கா சார், அவரு தொண்ட?"

செயலாளர் சிரிக்கவில்லை. அக்கா உட்கார்ந்து, ஒரு அடிகூட விழாத அந்த ரவையைச் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ போய் உக்காரு தம்பி. சுருதி போட்டுட்டாங்க."

போய் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் வாசித்தேன். கைதட்டலும் வாங்கினேன்.

மறுநாள் கண்டனக் கடிதம் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தார். "உடம்பு சரியில்லாம நானே வாசிக்கலன்னு சபாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன் தம்பி."

"அவனுங்ககிட்ட வெல போய்ட்டீங்களாக்கா?"

கேட்டுவிட்டு வெளியேறினேன். அந்த வாசற்படியை அதன்பின் நான் மிதிக்கவில்லை. என்னை நட்டாற்றில் விட்டவர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

விலை என்னவென்று காரியத்தன்று மாமா சொன்னார். "அப்படி எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் அதே மேடைன்னு செயலாளர் சொன்னாரு. இவ நம்பிட்டா மச்சான். வருஷா வருஷம் ஆனி மாசம் தோல் மாத்தி, சுருதி சேத்து, போன் பக்கத்துலயே இருப்பா. போன வருஷம் எழுந்து உக்கார முடியல. அப்பவும் மாத்தச் சொன்னா."

போன் வரவேயில்லை. என் போனும்தான்.

அந்தச் செயலாளர் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார். 'எங்கள் சபாவின் செல்லமகள்' என்று பேசினார். நீங்கள் கைதட்டினீர்கள். முடிந்ததும் என் தோளில் கை போட்டு, "ஆனியில அம்மாவுக்கு ஒரு அஞ்சலிக் கச்சேரி. வயலின் நீங்கதான்" என்றார். மிருதங்கம் யார் என்று கேட்டேன். ஓர் ஆணின் பெயரைச் சொன்னார்.

அக்கா எனக்கு விட்டுப்போனது ஒரே வாக்கியம்: நீ போய் உக்காரு தம்பி. அன்று அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு மேடையேறினேன். எழுந்து வந்திருக்க வேண்டியவன், அவர் கையெழுத்துப் போடவில்லை என்று கோபப்பட்டேன்.

உட்கார மாட்டேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடமும் ஒரு சாவும் தேவைப்பட்டிருக்கிறது.