பதினோரு வேன்களின் சாவி

நார்வேயின் பெர்கன் நகரில் பார்சல் வேன் ஓட்டும் குன்வோர், தொழிற்சங்கத்தின் பாதுகாப்புப் பிரதிநிதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையுறை கிழிந்தது, காலணி வழுக்குகிறது என்பதற்கு மேல் பெரிய புகார் எதுவும் அதுவரை அவளிடம் வந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, உடன் வேலை செய்யும் ஒட்வாரின் வேன் மலைச்சரிவில் இறங்குகையில் பிரேக் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு கல்சுவரில் உரசித்தான் நிறுத்தினான். குன்வோர் போனபோது யார் வீட்டுப் படியிலோ வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"அடி கிடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா கீழ நர்சரிப் புள்ளைங்க வரிசையா ரோட்டைக் கடந்துட்டு இருந்துச்சுங்க, குன்வோர்."

கிடங்கில் இருந்த மற்ற பதினோரு வேன்களும் அதே வயசு. தன் வேனுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிரேக் குழாய் முழுக்கத் துரு.

அவள் போய்ச் சொன்னதும், மேலாளர் ஸ்டைனார் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஜனவரியில பட்டறைக்கு அனுப்பிடலாம். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க."

"பிரேக்கே இல்லேன்னா மெதுவா என்ன, வேகமா என்ன?"

"நீங்க என்ன மெக்கானிக்கா?"

இல்லைதான். அதுவே அவளை அரித்தது. உயிருக்கு ஆபத்து என்றால் வேலையை நிறுத்தச் சட்டம் அவளுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தியதில்லை. பலகையில் தொங்கிய சாவிகளை எல்லாம் எடுத்துப் பையில் போட்டாள்.

"வேலையை நிறுத்துறேன். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து பார்க்கட்டும்."

"துருவைப் பார்த்ததும் டாக்டர் பட்டமே வாங்கிட்டியா?" என்றாள் இன்னொரு வேன் ஓட்டும் ராக்ன்ஹில்ட். "பார்சல் வரலேன்னு கத்துறவங்களுக்கு நீயே பதில் சொல்லு."

குன்வோர் கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்கவே இல்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெறும் மேல்துருவாக இருந்துவிட்டால்?

இரண்டரை மணிக்கு ஆய்வாளர் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். முதலில் தூக்கிய வேன் குன்வோருடையது. மேல்துருதான், ஓட்டலாம் என்றார் மெக்கானிக். அடுத்த இரண்டும் சரியாகவே இருந்தன. ஸ்டைனார் திரும்பி அவளைப் பார்த்தார்.

நான்காவது வேனில் மெக்கானிக் பிரேக்கை ஓங்கி மிதித்தார். குழாய் வெடித்து எண்ணெய் தரையில் பீய்ச்சியடித்தது. அது ராக்ன்ஹில்டின் வேன்.

ராக்ன்ஹில்ட் அந்த எண்ணெயையே வெறித்துப் பார்த்தாள். "காலைல இதுலதான் மலையிலேருந்து இறங்கினேன்," என்றாள் மெதுவாக. "பக்கத்து சீட்டுல என் பொண்ணு இருந்தா."

மொத்தம் ஐந்து வேன்கள் ஓடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார் ஆய்வாளர். வாடகை வேன்கள் வர நான்கு நாள் பிடித்தது. பாதிப் பார்சல்கள் பண்டிகை முடிந்தபிறகே போய்ச் சேர, போன வீட்டிலெல்லாம் குன்வோர் ஏச்சு வாங்கினாள். வசந்தம் வரும்வரை ஸ்டைனார் அவளிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒட்வார் மறுபடி சரிவுத் தெருக்களுக்குப் போகவே மாட்டேன் என்று கிடங்குக்குள் பார்சல் பிரிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டான். ராக்ன்ஹில்ட் மட்டும் தினமும் கிளம்புமுன் வேனுக்கடியில் படுத்து, ஒவ்வொரு குழாயாக விரலால் தடவிப் பார்த்தாள்.