தூக்கி வைத்த வீடு

கல்யாணமாகி கவரப்பேட்டைக்கு வந்த முதல் வாரமே இளமதிக்குத் தன் வீட்டின் பெயர் தெரிந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தவளைக் காட்டி, எதிர்வீட்டு ஞானம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "காயத்ரி ஊட்டுக்கு வந்துகீதே, அந்தப் பொண்ணு இதான்." கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் அன்றைக்கு இளமதிக்குச் சோறு இறங்கவில்லை.

காயத்ரி, வசந்தகுமாரின் முதல் மனைவி. மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்த பிறகு சில வருஷம் தனியாக இருந்துவிட்டுத்தான் அவன் இளமதியைக் கட்டிக்கொண்டான். அவனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. இளமதிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் வேலை. வேப்பம்பட்டில் வாடகை வீடு வாடகை வீடாக மாறி வளர்ந்தவள். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருந்த வாழ்க்கை. சொந்த வீடு என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டாந்தாரமாகப் போகச் சம்மதித்தாள்.

வந்து பார்த்தால், வீடு முழுக்க காயத்ரியே இருந்தாள். வசந்தகுமாரின் அப்பா கட்டிய சின்ன தளம் போட்ட வீடுதான். ஆனால் சமையல்கட்டுச் சுவரில் பச்சைக் கிளி போட்ட டைல்ஸ், கூடத்தில் மினுமினுவென்று தேய்த்து வைத்த சிவப்புத் தரை, வாசல் தூணைச் சுற்றி மல்லிக்கொடி என்று ஒவ்வொன்றும் காயத்ரி கை வைத்தது. கல்யாணத்துக்கு முன்பே அவளுடைய படத்தை வசந்தகுமார் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டான். படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் நிறம் மங்காமல் ஒரு கட்டம் தெரிந்தது. இளமதி அங்கே காலண்டர் மாட்டினாள். காலண்டர் அந்தக் கட்டத்தைவிடச் சின்னதாக இருந்தது.

போனவளிடம் சண்டை போட முடியாது. வீட்டிடம் போட்டாள். கிளிகள் மேல் எண்ணெய் தெறித்தால் துடைக்காமல் விட்டாள். மல்லிக்கொடியில் பூச்சி என்று சொல்லி அடியோடு வெட்டினாள். அது அடுத்த மழைக்கே மறுபடி துளிர்த்து, முன்னைவிட அதிகமாகப் பூத்துத் தொலைத்தது. ஞானம்மா வந்து ஒரு கை பறித்துக்கொண்டு, "இன்னா கை ராசிடீ காயத்ரிக்கு!" என்றாள்.

வீட்டுக்கு உண்மையான குறை வேறு இருந்தது. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் சாக்கடையோடு கூடத்துக்குள் வந்தது. இரண்டாவது வருஷம் அரிசி மூட்டை நனைந்து, கட்டில் கால் ஊறி, சுவரில் இடுப்பளவு ஈரம் ஏறிய பிறகு, பேச்சு வந்தது.

"ஜாக்கி வெச்சுத் தூக்குறாங்க இளா. ரெட்ஹில்ஸ்ல ஒரு ஊட்ட அப்டியே மேல ஏத்திட்டாங்க. சுவரு நல்லாத்தான் கீது. எதுக்கு இடிக்கணும்?" என்றான் வசந்தகுமார்.

"பழசத் தூக்கி வெச்சா புதுசா ஆயிடுமா? இடிச்சிட்டு கட்டுங்க. நாளைக்கு விரிசல் வுட்டா யாரு பாக்குறது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஈரம் ஏறிய சுவர், துரு பிடித்த கம்பி, காற்று வராத அறை எல்லாவற்றையும் அவள் எடுத்துச் சொன்னாள். கம்பெனியில் தோழி சுகிர்தாவிடமும் அதையேதான் சொன்னாள். கிளிகளைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடினால் புது வீடு தெரிந்தது: உள்ளேயே மாடிப்படி, கிழக்கே பார்த்த சமையல்கட்டு, அவளைத் தவிர வேறு யாருடைய கையும் படாத சுவர்.

வாக்குவாதம் மாதக்கணக்கில் இழுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும்போது, அவன் சமையல்கட்டு நிலையில் வந்து சாய்ந்து நின்றான்.

"சரி, இடிச்சிடலாம்" என்றான்.

அவளுக்குக் கரண்டி கையிலேயே நின்றது. "நெஜமாவா?"

"யோசிச்சுப் பாத்தேன். அவளும் இதேதான் கேட்டுக்கினு இருந்தா. உள்ளயே படி, கெழக்கு பாத்த சமையல்கட்டுன்னு. அப்பா கட்டுன ஊட்ட இடிக்க மாட்டேன்னு நான்தான் பிடிவாதமா நின்னேன். வேற வழியில்லாம இந்தக் கிளி, அந்தத் தரைன்னு ஏதோ பண்ணி மனச ஆத்திக்கினா." அவன் குரல் இறங்கியது. "அவளுக்குத்தான் செய்யல. உனக்காவது செய்யணும்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். இளமதி அடுப்பை அணைத்தாள். இத்தனை நாள் தன் கனவு என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்த வீட்டிலும் காயத்ரி முன்னாலேயே குடி வந்துவிட்டாள். புது வீட்டின் படியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் இவன் யாரை நினைப்பான்?

"வேணாம்" என்றாள்.

"இன்னா வேணாம்?"

"இடிக்க வேணாம். ஜாக்கி வெச்சே தூக்குங்க."

"இம்மா நாளு நீதானடி சண்ட போட்ட?"

"இப்போ வேணாங்கறேன். வுடுங்க."

 அவன், குருட்டு அதிர்ஷ்டம் அடித்தவனைப் போல, அன்றைக்கே ஆள் பார்க்கக் கிளம்பினான்.

பங்குனியில் வேலை தொடங்கியது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். வடநாட்டு ஆட்கள் சுவருக்கு அடியில் தோண்டி, வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லோரும் ஒரே குரலில் கத்திக்கொண்டு ஒரே நேரத்தில் திருகினார்கள். நகம் அளவு நகம் அளவாக வீடு எழும்பியது. தெருவே கூடி நின்று போனில் படம் பிடித்தது.

மூன்றாம் நாள் சமையல்கட்டுச் சுவர் நெளிந்து, கிளி டைல்ஸ் பொலபொலவென்று உதிர்ந்தது. இளமதிக்கு உள்ளே ஒரு துள்ளல். அது அடங்குவதற்குள், வசந்தகுமார் குனிந்து உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்தாள். துள்ளல் செத்துவிட்டது.

"எதுக்கு அத எடுக்குறீங்க?"

"கால்ல குத்தும்" என்றான். பொறுக்கியதைக் குப்பையில் போடவில்லை. தரைக்கு அடியில் நிரப்பக் கொட்டியிருந்த கல்லோடு கல்லாகப் போட்டான். அவன் சொன்னது நிஜமா, சாக்கா என்று அவளுக்குப் புரியவில்லை. பழைய சிவப்புத் தரையையும் மூடி அதன் மேல் மண் நிரப்பி, அவள் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறத் தரை போட்டார்கள். மல்லிக்கொடியும் தோண்டியதில் போயிற்று.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகவே அடித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். அது புதுப் படிகளில் இரண்டை நனைத்துவிட்டு அங்கேயே நின்றது. பள்ளத்து வீட்டு ஞானம்மா பேரப்பிள்ளைகளோடு வந்து கூடத்தில் படுத்துக்கொண்டாள். "ஊட்ட தூக்கி வெச்சது நல்லதாப்போச்சு இளமதி" என்றாள். முதல் தடவையாக அவள் பெயர் அந்த வாயில் வந்தது. இளமதி அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பாய் எடுத்துப் போட்டாள்.

சாப்பிடும்போது வசந்தகுமார் புதுத் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டு, "நல்ல வேள, இடிக்கல" என்றான்.

யாருக்காக நல்ல வேளை என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இளமதி ரசத்தைக் கலக்கி, அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.