அப்பாவின் இலையில் மரவள்ளி

அப்பாவின் முதல் திவசத்துக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்து, கொச்சிக்காய்ச் சம்பலும் அரைத்து வைத்திருந்தோம். அவர் ரொம்பவும் விரும்பிச் சாப்பிட்டது அதுதான். ருவான்வெல்லை டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்த ஐயர் இலையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“இது ரெண்டும் ஆகாதுங்க. கடல் தாண்டி வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தது. காரத்துக்கு மிளகாய்க்குப் பதிலா மிளகு போடுங்க. கிழங்குக்குச் சேம்பு வைங்க.”

என் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. “எங்க பாட்டன் பூட்டனும் தோட்ட வேலைக்குக் கப்பல்ல வந்தவங்கதான் சாமி. நாங்க பால் வெட்டுற றப்பர் மரமும் அப்படித்தான் வந்துச்சு. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடலாமா?”

ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சாஸ்திரத்த நான் எழுதலையேம்மா,” என்றார்.

நான் அதிகம் படிக்காதவன். சாமி காரியத்தில் ஐயர் சொன்னதை ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் கூப்பனுக்குக் கொடுக்கும் கோதுமை மா கிடைக்காமல் போன காலத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் பசியில் செத்தார்கள். அப்பா லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டுத்தான் பிள்ளைகள் எங்கள் ஐந்து பேரையும் காப்பாற்றினார். கிழங்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் நாரை அவர் மென்றார்.

“சாமி, மந்திரத்த நீங்க முறைப்படி சொல்லுங்க. கிழங்கையும் சம்பலையும் நான் எடுக்கமாட்டேன். பாவம்னா அது என்னோட போகட்டும்,” என்றேன்.

ஐயர் இலையை அப்படியே இருக்க விட்டார். பிறகு தர்ப்பையை என் விரலில் மாட்டிவிட்டு, “அப்பா பேரச் சொல்லுங்க,” என்றார்.