அரைக் கிலோ கம்மி

இப்போதெல்லாம் எடைக் கணக்கு போனிலேயே வந்துவிடுகிறது. எனக்கோ உத்தரத்தில் தொங்கிய அந்தக் கொக்கித் தராசும், அதன் துணித் தூளியில் கிடந்து வீறிட்ட பிள்ளைகளும்தான் ஞாபகம் வருகிறார்கள். ஏங்கித்தான் போகிறது மனசு.

மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் இருந்தது அந்தக் குழந்தைகள் காப்பகம். மீன் விற்கவும் கூலி வேலைக்கும் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். தினமும் கஞ்சி, ஆளுக்கு ஒரு முட்டை. முட்டைக்குப் பணம் கொடுத்தவர்கள், அதனால் என்ன பலன் என்று அளந்து காட்டச் சொன்னார்கள். அளக்கச் சொல்லித் தருவது என் வேலை. வருடக் கடைசியில் எடை ஏறாவிட்டால் முட்டை நின்றுவிடும்.

ஏறவில்லை. எடை எழுதிய நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரப்பாக்கத்துக்காரி நான், கோபம் வந்தால் எழுத்துத் தமிழ் ஓடிவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எடையும் எழுதிவந்த அக்காவிடம் பாய்ந்தேன்.

"இன்னாக்கா இது? முட்டையெல்லாம் யாரு துன்றது?"

அக்கா ஒன்றரை வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். அம்மாடி, என்ன கனம்! அவனைத் தூளியில் போட்டேன். நோட்டில் இருந்ததைவிட அரைக் கிலோ அதிகம் காட்டியது தராசு.

"எடை போடுறப்போ தாய்க்காரிங்க சுத்தி நின்னுகினு கீறாங்கோ மேடம். அவங்க எதிர்ல முழு எடையச் சொல்லலாமா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அதான் கம்மியா எழுதிட்டேன்."

கொழுக்கக் கொழுக்கக் கூடவே குறைத்திருக்கிறாள், மகராசி. தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது.

எல்லாரையும் மறுபடி எடை போட்டோம். அக்கா வைத்த நிபந்தனை ஒன்றுதான்: எடையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, இறக்கியதும் உப்பு மிளகாய் சுற்றிப்போட வேண்டும். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே எழுதினேன். ஒவ்வொரு பிள்ளையும் நோட்டைவிடக் கூடுதலாகவே இருந்தது, ஒரு பெண் குழந்தையைத் தவிர. அவளுக்கு மட்டும் நோட்டும் தராசும் ஒன்றாக இருந்தன.

"இவளுக்கு ஏன் குறைக்கல?"

"இத்தப் பார்த்து யாரு கண்ணு வைக்கப் போறா மேடம்?" என்றாள் அக்கா, குழந்தையின் மெலிந்த கையைத் தடவியபடி.

பணம் கொடுத்தவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். முட்டை நிற்கவில்லை. அந்தப் பெண்ணை மருத்துவரிடம் காட்டினோம், அவளுக்கு மட்டும் தினம் இரண்டு முட்டை என்று முடிவானது. இனிமேல் உள்ளதை உள்ளபடி எழுதுவதாக அக்கா என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நான்கு மாதம் கழித்துப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். நானே பிள்ளைகளை எடை போட்டு நோட்டோடு ஒப்பிட்டேன். மற்ற எல்லாம் சரியாக இருந்தன. அந்தப் பெண் குழந்தையின் எடையை மட்டும் அரைக் கிலோ குறைத்து எழுதியிருந்தாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. உப்பும் மிளகாயும் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.